ரெண்டு விஎம் இருந்தா போதுமா?

உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பிபிடியில 'ஹை அவைலபிலிட்டி'ன்னு ஒரு ஸ்லைடு இருக்கா? ரெண்டு விஎம் படம் போட்டு, ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தாங்கும்னு எழுதியிருக்கீங்களா? எங்க டீமும் அப்படித்தான் எழுதினோம். ரிவ்யூவில் பேனல்ல இருந்த மேடம் ஒரே கேள்விதான் கேட்டாங்க: "ரெண்டு விஎம்மும் எந்த மெஷின்ல ஓடுது?"

ஒரே மெஷின். லேப் மூலையில இருக்கிற பழைய சர்வர். ரெண்டு வாரம் கழிச்சு அதோட பவர் சப்ளை போச்சு. ரெண்டு விஎம்மும் சேர்ந்தே போச்சு.

நான் இருக்கிறது கொரட்டூர்ல, ஒரே காம்பவுண்டுக்குள்ள மூணு போர்ஷன். தனி வாசல், தனி கிச்சன், தனி ஈபி மீட்டர். ஆனா சம்ப்பும் மோட்டாரும் மூணு வீட்டுக்கும் ஒண்ணுதான். போன மே மாசம் மோட்டார் காயில் எரிஞ்சப்போ மூணு வீட்டு ஆளும் குடத்தோட தெருவுல நின்னோம். கரண்ட்டுக்கு எங்களுக்குள்ள சுவர் இருந்தது. தண்ணிக்கு இல்லை. எங்க ப்ராஜெக்ட்டும் இதே கதைதான்.

நாம கிளவுட், கன்டெய்னர், ஹைப்பர்வைசர் எல்லாம் படிக்கிறோம். இந்தச் சுவரை ஹார்டுவேரிலேயே கட்டின ஒரு தலைமுறை சர்வர்களைப் பத்தி யாரும் பேசுறதில்லை. 1997இல் சன் நிறுவனம் எண்டர்பிரைஸ் 10000 என்ற பெரிய மெஷினில் இதைச் செய்தது. 2001இல் வந்த சன் ஃபயர் 6800 நடுத்தர ரகம்: 6 சிஸ்டம் போர்டு, மொத்தம் 24 பிராசஸர். ஒவ்வொரு போர்டிலும் பிராசஸரும் மெமரியும் சேர்ந்தே இருக்கும். இந்தப் போர்டுகளை அதிகபட்சம் 4 'டொமைன்'களாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு டொமைனுக்கும் தனி ஆப்பரேட்டிங் சிஸ்டம். ஒரு போர்டு பழுதானால் அந்த டொமைன்தான் விழும், மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும். ஹெச்பியின் ஆர்பி8400 சர்வரிலும் இதே யோசனைதான். அங்கே போர்டுக்குப் பெயர் 'செல்', நாலு செல்லில் 16 பிராசஸர்.

அப்புறம் ஏன் எல்லாரும் விஎம்முக்கு மாறினாங்க? நியாயமான காரணம் இருக்கு. ஹார்டுவேர் பார்ட்டிஷன்ல ஒரு முழு போர்டுக்குக் குறைஞ்சு பிரிக்க முடியாது. பக்கத்து டொமைன் சும்மா கிடந்தாலும் அதோட பிராசஸரை நொடியில கடன் வாங்க முடியாது. விஎம்ல அரை பிராசஸர்கூட கொடுக்கலாம். விலையும் பெரிய வித்தியாசம். அதுவுமில்லாம, அந்த சர்வர்கள்லயும் போர்டுகளை இணைக்கிற சென்டர்பிளேன் பொதுதான். அங்கேயும் ஒரு சம்ப் இருந்தது.

அதனால பழைய மெஷினுக்குத் திரும்பணும்னு நான் சொல்ல வரலை. அந்தக் கேள்வியை நாம மறந்துட்டோம்னுதான் சொல்றேன். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் குறைகள் வெளிவந்தப்போ உலகமே அதிர்ந்தது. ஒரே பிராசஸரைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு புரோகிராம், தனக்குச் சொந்தமில்லாத மெமரியை மறைமுகமாகப் படிக்க முடியும் என்று தெரிந்தது. மென்பொருள் சுவருக்குக் கீழே அஸ்திவாரம் பொது. இன்னைக்கும் அமேசான் மாதிரி கிளவுட் நிறுவனங்கள் ஒரு முழு மெஷினையும் ஒரே வாடிக்கையாளருக்குத் தனியா விடுறாங்க. தனி வீடு வேணும்னா வாடகை கூட.

நம்ம ரயில்வே ரிசர்வேஷனை எடுத்துக்கோங்க. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத்னு அஞ்சு ஊர்ல தனித்தனி கம்ப்யூட்டர் மையம் வெச்சு, 1999இல் அவற்றை கான்செர்ட் என்ற மென்பொருளால் ஒரே நெட்வொர்க்கா இணைச்சாங்க. எந்த கவுண்டர்ல இருந்தும் எந்த ஊர் டிக்கெட்டும் எடுக்கலாம், ஆனா எல்லாமே ஒரே பெட்டிக்குள்ள இல்லை. சேர்ந்து வேலை செய்யணும், ஒண்ணா விழக்கூடாது. எவ்வளவு பொது, எவ்வளவு தனி என்று ஒருத்தர் உட்கார்ந்து யோசிச்சு எடுக்க வேண்டிய முடிவு அது.

அடுத்த வருஷம் நம்மில் பலர் எழுதுற கோட் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியிலோ பேங்க்கிலோ ஓடும். அங்கே சர்வர் விழுந்தா போறது ரிவ்யூ மார்க் இல்லை. அதனால ஆர்க்கிடெக்ச்சர் படம் வரையும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே எழுதிப் பாருங்க: எந்த மெஷின்? எந்த பவர் சப்ளை? எந்த யுபிஎஸ்? எந்த ஸ்விட்ச்? ரெண்டு பெட்டிக்குக் கீழே ஒரே பதில் வந்தா, அங்கே சுவர் இல்லை.

நாங்க இப்போ ரெண்டாவது விஎம்மை வேற பிளாக்ல, வேற யுபிஎஸ்ல இருக்கிற ஒரு சாதாரண டெஸ்க்டாப்புக்கு மாத்திட்டோம். வேகம் கொஞ்சம் கம்மிதான். ஆனா அடுத்த ரிவ்யூவில் மேடம் அதே கேள்வியைக் கேட்டா, பதில் இருக்கு. உங்க கிட்ட இருக்கா?