இணையத்தளம் அமைப்போரும் அமைக்கச் சொல்வோரும்

வீடு கட்ட விழைபவர், கொத்தனாரிடம் "அழகாகக் கட்டுங்கள்" என்று மட்டும் கூறிவிட்டு அகல்வதில்லை. இணையத்தளம் வேண்டும் நாமோ வடிவமைப்பாளரிடம் அவ்வாறே கூறுகின்றோம். பின்னர் மனங்கசந்து நிற்கின்றோம்.

முதற்கண் வேண்டுவது உள்ளடக்கம். இடம்பெற வேண்டிய செய்திகளை நாமே எழுதி, பிழை நீக்கி, ஒருங்குறியில் தட்டெழுதித் தருதல் நம் கடன். தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருக்களில் அமைந்த பக்கங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினிகளில் பொருளற்ற குறிகளாய்ச் சிதைந்து தோன்றியதை நாம் கண்டிருக்கின்றோம். அடுத்து, முடிவுரைக்கும் பொறுப்பை ஒருவரிடமே விடுக. பதின்மர் பத்து வண்ணம் கேட்டால் பணி முடிவுறாது.

வடிவமைப்பாளர், தளத்தை நாடுவோர் யார், எதற்காக நாடுவர் என்று முதலில் வினவுக. கணினித் திரையில் மட்டுமன்றிக் கைப்பேசியிலும் மாதிரியைக் காட்டுக. பலரும் இன்று அதிலேயே படிக்கின்றனர்.

பக்கங்கள் எத்தனை, திருத்தம் எத்தனை முறை, தொகை யாது, முடிக்கும் நாள் எது என்பன எழுத்தில் அமைதல் நன்று. தளப்பெயர், தளத்துக்கு உரியவர் பெயரிலேயே பதிவாக வேண்டும். கடவுச்சொற்களும் அவர் கைக்கு வரவேண்டும். நாமறிந்த ஓர் அமைப்பில் எல்லாம் வடிவமைப்பாளர் பெயரில் இருந்தன. அவர் ஊர் மாறியபின் ஆண்டுக் கட்டணம் கட்டுவாரின்றித் தளம் மறைந்தது. பல்லாண்டு சேர்த்த கட்டுரைகளும் உடன் மறைந்தன.

நண்பரிடம் எழுத்துக் கேட்பதா என்று நாம் தயங்குகின்றோம். அந்நட்பு நிலைக்கவேனும் எழுதிக்கொள்வோமாக.