சட்டம் மலை ஏறுமா?

காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஏறிவிடுகிறது. சட்டசபையில் நிறைவேறும் சட்டம் ஏறுகிறதா?

மலையில் உள்ள 14 நாடுகளில் ஒன்று பெரக்கரை நாடு. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சேந்தமங்கலம் சட்டசபைத் தொகுதியைச் சேர்ந்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே மாதம் 29-ந்தேதி மதுவிலக்குத் திருத்த மசோதா நிறைவேறியது. கள்ளச் சாராயத்தால் உயிர் போனால், விற்றவருக்கு ஆயுள் சிறை. 10 லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம்!

2025 ஏப்ரல் 16-ந்தேதி இன்னொரு மசோதா. தேர்தலில் நிற்காமலே மாற்றுத்திறனாளி ஒருவர் ஒவ்வொரு ஊராட்சியிலும் நியமன உறுப்பினர் ஆகலாம்.

முதல் சட்டம் தெரிந்தால் குற்றம் செய்ய அஞ்சுவார்கள். இரண்டாவது தெரிந்தால்தான் உரிமை உள்ளவர் மனுப் போடுவார். "சட்டம் தெரியாது" என்று கோர்ட்டில் சொல்லித் தப்ப முடியாது. அப்படியானால், தெரிவிக்க வேண்டியது யார்? சட்டம் செய்தவர் அல்லவா?

செல்போனில்தான் எல்லாம் வருகிறதே என்பார்கள். வெளிநடப்பும் கூச்சலும் வருகின்றன. சட்டத்தில் என்ன இருக்கிறது என்பது வருவதில்லை.

அமெரிக்க மாநிலங்களில் சட்டசபை உறுப்பினர்கள் பலர், சபை நடக்கும் காலத்தில் வாராவாரம் தொகுதிக்குக் கடிதம் எழுதுகிறார்கள். இங்கும் எழுதலாம். ஒரே ஒரு தாள் போதும். இந்த வாரம் என்ன மசோதா? யாருக்குத் தண்டனை? யாருக்கு உரிமை? உறுப்பினர் ஆதரித்தாரா, எதிர்த்தாரா? ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினால், படித்த பிள்ளைகள் பெரியவர்களுக்கு வாசித்துச் சொல்லுவார்கள்.

ஓட்டுக் கேட்க 70 வளைவும் ஏறி வருகிறவர்கள், சட்டத்தையும் கையோடு கொண்டு வரட்டும்!