சிப்பாய் என்ன, தேயாத இரும்பா?

“கையைக் கட்டிப்போட்டு அனுப்பினார்கள், இல்லாவிட்டால் நம் ராணுவம் இலங்கையில் ஒரே வாரத்தில் வேலையை முடித்திருக்கும்!” ராசிபுரம் டீக்கடையில் இன்றும் இப்படிப் பேசும் சூரர்கள் உண்டு. துப்பாக்கி தூக்கிப் போனது இவர்கள் வீட்டுப் பிள்ளை அல்ல. பேச்சுக்கு என்ன பஞ்சம்!

தோழர்களே, நடந்ததைப் பாருங்கள். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மறுநாளே துருப்புகள் இறங்கின. ஆயுதங்களை வாங்கிவைத்து, அமைதி காத்துத் திரும்பிவிடலாம் என்பது டில்லியின் கணக்கு. லீவில் போனவர்கள் போக மிஞ்சிய ஆட்களோடு பட்டாளங்கள் விமானம் ஏறின. அக்டோபரில் அதே படை புலிகளோடு யுத்தத்தில் மாட்டிக்கொண்டது. 11-12 இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கிய வீரர்கள் 30 பேரில் 29 பேர் மாண்டனர். ஒருவர் சிறைப்பட்டார். இதற்கும் கட்டிய கைதான் காரணமா?

பிறகு படைக்கு மேல் படை. ஒரு டிவிஷன் நாலாயிற்று. ஆள் எங்கிருந்து வரும்? சியாச்சின் பனியில் 1984 முதல் காவல். ராஜஸ்தானில் மாபெரும் ஒத்திகை அந்த வருஷத் தொடக்கத்தில்தான் முடிந்திருந்தது. வடகிழக்கிலிருந்த 57வது மலை டிவிஷனைப் பெயர்த்து மட்டக்களப்புக் கடலோரத்தில் நட்டார்கள்!

மில் தொழிலாளிக்கு இது புரியும். பதிலி வராவிட்டால் இருப்பவனையே அடுத்த ஷிப்டுக்கும் நிறுத்துவான் முதலாளி. அப்புறம் நூல் அறாமல் என்ன செய்யும்? களத்திலிருந்த பட்டாளம் முறைப்படி அமைதிக் கேந்திரத்துக்குத் திரும்ப வேண்டும். ஓய்வு, லீவு, புதுப் பயிற்சி எல்லாம் அங்கேதான். அந்த முறை குலைந்தால் துப்பாக்கி இருக்கும், படை இருக்காது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் இந்தியத் துருப்புகளின் குண்டுக்குப் பலியானார்கள். அதற்கு எந்தச் சாக்கும் கிடையாது. அந்த மக்கள் பிறகு எப்படி நம்புவார்கள்? நம்பாத மண்ணில் ஒவ்வொரு காவலும் இரட்டைக் காவல்.

1989 ஜூனில் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசாவே வெளியேறச் சொன்னார். அப்படியும் 1990 மார்ச் 24 வரை இழுத்தது. ஆக 32 மாதம்! சுமார் 1,200 சிப்பாய்கள் உயிரோடு திரும்பவில்லை. கடைசிக் கப்பல் கிளம்புமுன்பே காஷ்மீரில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்திருந்தது.

டீக்கடைச் சூரர்களைக் கேட்கிறேன்: நாளை இன்னொரு நாட்டுக்குப் படை அனுப்பச் சொன்னால், எத்தனை மாதம், பதிலி யார், திரும்பும் தேதி எது என்று கேட்பீர்களா? குச்சிக்கிழங்குக் காட்டில் கூலிக்குப் போகும் தாய் அந்தத் தேதியைத்தான் முதலில் கேட்பாள்.