தகவல் மேலே போகிறது, எச்சரிக்கை கீழே வருவதில்லை



ஏப்ரல் 21 ஆம் திகதி மீண்டும் வருகிறது. 2019 இல் அந்த உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொச்சிக்கடைக் கோயில் நமக்கு அந்நியமான இடமல்ல. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுவர்த்தி ஏற்றப் போகும் இடம் அது.

சம்பளம், லயம், காணி என்று எழுத வேண்டிய பக்கத்தில் பொலிசும் புலனாய்வும் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நாட்டில் எங்கே குண்டு வெடித்தாலும் புதிய சட்டம், புதிய சோதனை, புதிய பதிவு என்று ஏதோ ஒன்று வருகிறது. “உள்ளூர்ப் பொலிசும் புலனாய்வுப் பிரிவும் இன்னும் நெருக்கமாக ஒத்துழைக்க வேண்டும்” என்று மேடைகளில் பேசுகிறார்கள். ஒத்துழைப்பு நல்லதுதான். ஆனால் எந்தத் திசையில் என்பதே நமது கேள்வி.

2019 இல் நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். ஏப்ரல் 4 ஆம் திகதி இந்தியாவிலிருந்து நமது அரச புலனாய்வுச் சேவைக்கு எச்சரிக்கை வந்தது. சஹ்ரான் ஹாசிமின் பெயரும், தேவாலயங்கள் குறிவைக்கப்படலாம் என்ற செய்தியும் அதில் இருந்தன. அது அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளரிடமிருந்து தேசிய புலனாய்வுப் பிரதானிக்குப் போனது. அங்கிருந்து பொலிஸ்மா அதிபருக்குப் போனது. அவரிடமிருந்து சில பிரதிப் பொலிஸ்மா அதிபர்களுக்குப் போனது. ஏப்ரல் 11 ஆம் திகதி ஒரு பிரதிப் பொலிஸ்மா அதிபர் அதைக் கடிதமாக்கி, பிரமுகர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பான பிரிவுகளுக்கு அனுப்பினார். ஏப்ரல் 16 ஆம் திகதி காத்தான்குடிக்கு அருகே பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்துச் சிதறியது. அது தாக்குதலுக்கான ஒத்திகை. ஏப்ரல் 20 ஆம் திகதியும் எச்சரிக்கை வந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போன ஏழைத் தாய்க்கு யார் சொன்னார்கள்? கட்டுவாப்பிட்டியப் பங்குத் தந்தைக்கு யார் சொன்னார்கள்? பிரமுகர்களைக் காக்கும் பிரிவுகளுக்குக் கடிதம் போயிற்று. மக்களுக்குப் போகவில்லை.

நாட்டின் பொலிஸ்மா அதிபரே 2018 ஒக்டோபர் முதல் தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைக்கப்படவில்லை என்பது பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முன் வெளிவந்தது. உச்சியில் இருப்பவர்களே ஒருவரோடு ஒருவர் பேசாத வீட்டில், கடைக்கோடிப் பொலிஸ் நிலையத்துக்குச் செய்தி எப்படி வரும்? 2023 ஜனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் கொண்ட அமர்வு, அதிகாரத்தில் இருந்தவர்கள் தமது கடமையைச் செய்யத் தவறியதால் மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், முன்னாள் பொலிஸ்மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரும் தலா 7.5 கோடி ரூபாவும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் 5 கோடி ரூபாவும், முன்னாள் தேசிய புலனாய்வுப் பிரதானி 1 கோடி ரூபாவும் நட்டஈடாகச் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்தத் தீர்ப்பை நமது உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஆபத்து தெரிந்தும் மக்களைக் காக்காமல் இருப்பது உரிமை மீறல் என்பதை நாட்டின் அதியுயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2018 நவம்பர் 30 ஆம் திகதி மட்டக்களப்பு வவுணதீவில் காவல் கடமையில் இருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். உடனே சந்தேகம் முன்னாள் போராளிகள் மீது திரும்பியது. ஒருவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகுதான் அந்தக் கொலைகளைச் செய்தது சஹ்ரானின் ஆட்கள் என்று தெரிய வந்தது. ஒரு பாவமும் அறியாத மனிதர் 2019 மே மாதத்தில்தான் வெளியே வந்தார். ஒரு சமூகத்தின் மேல் மட்டும் கண்ணை வைத்துத் தேடினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். குற்றமற்றவர் உள்ளே இருந்தார். குற்றவாளிகள் வெளியே அடுத்த வேலைக்குத் தயாரானார்கள்.

சஹ்ரானைப் பற்றி முதலில் முறையிட்டவர்களும் முஸ்லிம் மக்களே. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் அவரது கும்பல் இன்னொரு முஸ்லிம் பிரிவினரோடு மோதியது. அதன் பிறகு அவர் தலைமறைவானார். மக்கள் தந்த தகவல் மேலே போனது, அங்கேயே தங்கிவிட்டது. தாக்குதல் நடந்ததும் அதே சமூகம் முழுவதும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது. உடையில் இருந்த ஒரு சித்திரத்துக்காக நம் கண்டி மாவட்டத்தின் ஹசலகவில் ஒரு பெண் சிறைக்குப் போனார். கப்பலின் சுக்கானைத் தர்மச் சக்கரம் என்று எண்ணிவிட்டார்களாம்.

அன்று முஸ்லிம் மக்களுக்கு நடந்தது நமக்குப் புதிதல்ல. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிக ஏற்பாடு என்ற பெயரில் வந்தது. 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. நீதிமன்றத்துக்குப் பதிலாக அமைச்சரின் உத்தரவில் மூன்று மூன்று மாதங்களாக 18 மாதங்கள் வரை ஒருவரைத் தடுத்து வைக்க அது இடம் கொடுத்தது. 2022 திருத்தம் அதை 12 மாதங்களாகக் குறைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியாக்கவும் அந்தச் சட்டம் வழி செய்தது. தமிழில் பேசியவரின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையொப்பம் வாங்கப்பட்ட கதைகள் வடக்கிலும் உண்டு, மலையகத்திலும் உண்டு.

நமக்கு இன்னொரு சுமையும் இருந்தது. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட நம்மவர்களில் பலர் 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை நாடற்றவர்களாகவே இருந்தார்கள். பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாத தமிழ் இளைஞன் சோதனைச் சாவடியில் சந்தேக நபர். கொழும்புக்கு வேலை தேடிப் போன எத்தனை பிள்ளைகள் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்கள் என்பதை நமது மூத்த உறுப்பினர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை விடியற்காலையில் எழுப்பி பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அந்த நடவடிக்கையில் உள்ளூர்ப் பொலிசுக்கும் மேலிடத்துக்கும் இடையே ஒத்துழைப்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. நம்மை எண்ணவும் பதியவும் ஏற்றவும் ஒத்துழைப்பு தாராளமாகக் கிடைத்தது. மக்களைக் காக்க வேண்டிய நாளில்தான் அது காணாமல் போனது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோயல்ல. அமெரிக்காவில் உள்ளூர்ப் பொலிஸ் நகர நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது. நாடு முழுவதற்குமான எப்.பி.ஐ. மத்திய அரசாங்கத்தின் கீழ் இருக்கிறது. பயங்கரவாதத்தைத் தடுக்க இரு தரப்பும் சேர்ந்து இயங்கும் கூட்டுப் பணிக்குழுக்கள் 1980 இல் நியூயோர்க்கில் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவின. 2013 ஏப்ரலில் பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் குண்டு வைத்த சகோதரர்களில் மூத்தவரை எப்.பி.ஐ. 2011 இலேயே விசாரித்திருந்தது. பொஸ்டன் பொலிஸார் அந்தக் கூட்டுக்குழுவில் இருந்தும், அந்த விசாரணை பற்றித் தமக்குச் சொல்லப்படவில்லை என்று அந்நகரப் பொலிஸ் ஆணையாளர் அமெரிக்கக் காங்கிரஸ் முன் சாட்சியமளித்தார். போர்ட்லண்ட் நகரசபையோ, தமது பொலிஸார் அந்தக் குழுவில் என்ன செய்கிறார்கள் என்பதை மக்கள் பிரதிநிதிகளால் கண்காணிக்க முடியவில்லை என்ற காரணத்தால் 2005 இலும் 2019 இலும் அதிலிருந்து விலகியது. ஒரே மேசையில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. மேசையில் என்ன நடக்கிறது என்று கேட்க மக்களுக்கு ஆள் வேண்டும்.

நமது நாட்டிலும் அதற்கு ஒரு வழி எழுதப்பட்டிருக்கிறது. 1987 இன் 13 ஆவது திருத்தம் பொலிசைத் தேசியப் பிரிவு, மாகாணப் பிரிவு என்று பிரித்தது. அரசுக்கு எதிரான குற்றங்கள் தேசியப் பிரிவுக்கு, அன்றாடச் சட்டம் ஒழுங்கு மாகாணத்துக்கு என்று சொன்னது. அந்த அதிகாரம் எந்த மாகாணத்துக்கும் கொடுக்கப்படவில்லை. ஆகவே நமது பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி கொழும்புக்குப் பதில் சொல்கிறார். நமக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

தொழிற்சங்கத்துக்கு இதில் நேரடியான ஆபத்தும் உண்டு. 2022 ஓகஸ்ட்டில், ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்ட பல்கலைக்கழக மாணவர் தலைவர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார்கள். 2018 இலும் 2023 இலும் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட வரைவுகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. பயங்கரவாதம் என்ற சொல்லுக்குள் வேலைநிறுத்தத்தையும் மறியலையும் இழுத்துப்போட இடமிருந்ததே காரணம். இன்று கொழுந்து நிறுவைக்காகத் தொழிற்சாலை வாசலில் உட்காருகிற நமது மாதர் தலைவியை நாளை எந்தப் படிவத்தில் எழுதுவார்கள்? யார் கூட்டம் போடுகிறார், யார் பேசுகிறார் என்பது பாதுகாப்புத் தகவல் ஆகாது. அதைச் சேகரிப்பவர்கள் பயங்கரவாதத்தைத் தேடவில்லை, சங்கத்தைத் தேடுகிறார்கள்.

ஆகவே நமது நிலைப்பாடு இதுதான். குண்டு வைப்பவர்களைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பொலிசும் புலனாய்வும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். கொச்சிக்கடையில் செத்தவர்கள் நமது மக்கள். அதனால்தான் பின்வருவனவற்றைக் கோருகிறோம்:

1. ஓரிடத்துக்கு ஆபத்து என்று தகவல் கிடைத்தால், அப்பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கும் அந்த இடத்துக்குப் பொறுப்பானவர்களுக்கும் தாமதமின்றி, தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்க வேண்டும்.

2. தமிழர் வாழும் பகுதிகளின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் தமிழில் முறைப்பாடு எழுதக்கூடிய உத்தியோகத்தர் எந்நேரமும் இருக்க வேண்டும். வாக்குமூலம் பேசிய மொழியிலேயே எழுதப்பட வேண்டும்.

3. பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்பட வேண்டும். அதே அதிகாரம் வேறு பெயரில் திரும்பி வரக்கூடாது.

4. புலனாய்வுப் பிரிவுகளின் செயற்பாட்டைப் பாராளுமன்றம் கண்காணிக்க வேண்டும்.

5. தொழிற்சங்க நடவடிக்கை பற்றிய விபரம் சேகரிப்பது நிறுத்தப்பட வேண்டும்.

தோட்டக் கமிட்டிகளும் சும்மா இருக்கக்கூடாது. கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் உள்ள சிவில் பாதுகாப்புக் குழுக்களில் பெரும்பாலும் கடைக்காரரும் உத்தியோகத்தரும்தான் உட்காருகிறார்கள். நமது தலைவர்களும் மாதர் தலைவிகளும் அங்கே போக வேண்டும். ஆட்களைக் காட்டிக்கொடுக்க அல்ல, கேள்வி கேட்க. எவராவது கைது செய்யப்பட்டால் காரணத்தைக் கேளுங்கள். அதைச் சொல்வது அரசியலமைப்பின்படி அவர்களின் கடமை. எந்தப் பொலிஸ் நிலையம், எத்தனை மணி, எந்த அதிகாரி என்று குறித்துக்கொள்ளுங்கள். விளங்காத மொழியில் உள்ள எந்தக் காகிதத்திலும் கையொப்பமிட வேண்டாம். சாதாரணச் சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள்ளும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 72 மணித்தியாலத்துக்குள்ளும் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். தடுப்புக் காவல் உத்தரவு போட்டிருந்தால் அதன் பிரதியைக் கேளுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதுகளை 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் அறிவிப்பார்கள் என்று காத்திராமல் 1996 என்ற இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள். உடனே சங்கக் காரியாலயத்துக்கும் சொல்லுங்கள்.

இன்னொன்று. அடுத்த முறை சந்தேகம் எந்தச் சமூகத்தின் மேல் விழுந்தாலும், பக்கத்துக் கடை முதலாளியானாலும் பஸ்ஸில் வரும் அந்நியரானாலும், நமக்குச் செய்ததை அவர்களுக்கு நாம் செய்யக்கூடாது. தகவல் தெரிந்தால் தைரியமாகச் சொல்வோம். வதந்தியைச் சுமக்க மாட்டோம்.

ஏப்ரல் 21 அன்று தோட்டக் கோயில்களிலும் தேவாலயங்களிலும் இறந்தவர்களுக்காக ஒரு விளக்கேற்றுவோம். எச்சரிக்கை வந்தும் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கும் வரை, அவர்களின் குடும்பங்களோடு நாமும் கேட்டுக்கொண்டே இருப்போம்.