மண்டையில ஏற மாட்டேங்குது!

இறுதியாண்டு, இயந்திரவியல் துறை



போர்டு தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் நம் விடுதி வராந்தாவில் ஒருமுறை நடந்து பாருங்கள். அறைக்கு அறை ஒரே புலம்பல்தான். "படிக்கிறேன் மச்சான், மண்டையில ஏற மாட்டேங்குது." "நேத்து ராத்திரி படிச்சது காலையில காணோம்டா!" எழுபது வயது தாத்தா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடினால் நியாயம் உண்டு. பதினெட்டு வயதில் நமக்கு என்ன வந்தது?

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக எனக்கு இது படவில்லை. மூன்று அரியர் விழுந்ததும், "எனக்கு மூளை கம்மிடா, படிப்பு சரிப்படாது" என்று பெட்டியைக் கட்டிய தோழன் ஒருவனை எனக்குத் தெரியும். அவனா மறதிக்காரன்? அவன் ஊர் வரைக்கும் டவுன் பஸ் நிற்கிற நிறுத்தங்களை வரிசை தப்பாமல் சொல்லுவான். பழைய படத்தின் பெயரைச் சொன்னால் போதும், வசனம் கொட்டும். ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் போட்ட டெயில்ஸ்டாக்கை ஒருமுறை பார்த்தே திரும்பப் பூட்டியவன். ஞாபகசக்தி இல்லாதவனுக்கு இதெல்லாம் எப்படி வந்தது?

என் கட்சி இதுதான். நம்மில் பெரும்பாலோருக்கு ஞாபகத்தில் பழுதில்லை. மனதில் பதியாத ஒன்றைத் தேடிவிட்டு 'மறந்துபோச்சு' என்கிறோம். அப்பா காலத்து டேப் ரிக்கார்டரில் பதிவு பட்டனை அழுத்தாமல் விட்டுவிட்டு, பாட்டு இல்லையே என்று கேசட்டைக் குறை சொல்லி என்ன பயன்?

நம் முன்னோர் இதைத் தெரிந்தே பெயர் வைத்திருக்கிறார்கள். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். நூறு விதமான கேள்விகளையும் வேலைகளையும் மனதில் வாங்கி விடை சொல்லும் கலை அது. அவதானம் என்றால் கவனம். அவ்வளவு பெரிய ஞாபக வித்தைக்கு 'நூறு ஞாபகம்' என்று பெயரில்லை. 'நூறு கவனம்' என்றுதான் பெயர்!

"அவர் நூறு வேலை செஞ்சாரு, நான் ரீல்ஸ் பார்த்துக்கிட்டே கணக்குப் போடக் கூடாதா?" என்று நம்மில் ஒரு குறும்பர் கேட்பார். ஐயா, அவதானி ஒன்றை முழுசாக வாங்கி வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். அதற்கு வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். நாம் செய்வது வெறும் தாவல். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் நேரம் வீணாகிறது என்பதை 2001-இல் அமெரிக்காவில் ரூபின்ஸ்டைன், மேயர், எவன்ஸ் என்ற மூவர் சோதித்துக் காட்டினார்கள்.

வகுப்பில் கவனம் சிதறினால் மார்க் போகும். லேத் முன்னால் சிதறினால்? சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால் அது எந்தத் திசையில் பறக்கும், யார் நெற்றியில் அடிக்கும் என்று சொல்ல முடியாது. சட்டைப் பையில் செல்போன் அதிர்கிற அந்த ஒரு நொடி போதும். நாளைக்குத் தொழிற்சாலைக்குப் போகப் போகிற நமக்கு, கவனம் என்பது கைவிரல் சமாச்சாரம் நண்பா!

சரி, கவனமாகப் படித்தும் மறக்கிறதே என்கிறீர்களா? மறப்பது இயற்கை. ஜெர்மனியின் எபிங்காஸ் தன்னையே சோதனைப் பொருளாக்கி, அர்த்தமில்லாத எழுத்துக் கோவைகளை மனப்பாடம் செய்து பார்த்து 1885-இல் புத்தகமே எழுதினார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காலி. ஆக, காலையில் மறந்துபோவது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

அதற்கு மருந்து, அதே பக்கத்தை இன்னொரு முறை படிப்பதும் இல்லை. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பாடத்தை இரண்டு முறை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து நினைவிருந்தது 42 சதவீதம். ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்தவர்களுக்கோ 56 சதவீதம். இத்தனைக்கும் ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்கள்தான் முந்தினார்கள்! ராத்திரி 'எல்லாம் தெரியும்' என்ற தெம்பும் தேர்வு ஹாலில் வரும் வெறுமையும் எங்கிருந்து வருகின்றன என்று இப்போது புரிகிறதா?

அடுத்தது தூக்கம். பதினெட்டு வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். படித்தது மனதில் உறைவதே தூக்கத்தில்தான். விடிய விடிய விழித்துப் படிப்பது, கான்கிரீட் போட்ட கையோடு அதன்மேல் லாரி ஓட்டுகிற மாதிரி.

ஆனால் நம்மில் பலர் செல்போனால் மட்டும் விழித்திருக்கவில்லை. பெட்ரோல் பங்கில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு, விடிகாலையில் பேப்பர் போட்டுவிட்டு முதல் பீரியடுக்கு வருகிறவர்கள் நம் பெஞ்சில் இருக்கிறார்கள். அவன் கொட்டாவி விட்டால் 'மக்கு' என்று முத்திரை குத்துகிறோமே, அது நியாயமா?

இன்னொன்றும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31 சதவீதம். ரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தால் சோர்வு வரும், புத்தகத்தில் மனம் நிற்காது. தைராய்டு குறைபாடும் பி12 சத்துக் குறைவும் இப்படியே படுத்தும். வாரக்கணக்கில் மனம் கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலும் ஞாபகம் தடுமாறும். இவர்களுக்கு வேண்டியது மருத்துவர். வெட்கப்பட ஒன்றுமில்லை. 14416-க்குப் போன் செய்தால் டெலி மானஸ் மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஞாபகசக்தி டானிக், லேகியம் என்று நூறும் இருநூறும் கொட்டுகிறோம். வல்லாரைத் துவையல் ருசியாக இருக்கும், தாராளமாகச் சாப்பிடுங்கள். அரியரை அது எழுதித் தராது!

நம் பேரவைக்கு என் வேண்டுகோள் நான்கு. ஒவ்வொரு பீரியடிலும் கடைசி ஐந்து நிமிடம், நோட்டை மூடி வைத்துவிட்டு அன்றைய பாடத்தை எழுதிப் பார்க்க ஆசிரியர்களிடம் கேட்போம். ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு பெட்டி வைத்து எல்லார் செல்போனையும் அதில் போடுவோம். நாட்டு நலப்பணித் திட்டம் நடத்தும் ரத்ததான முகாமோடு, எல்லாருக்கும் ஹீமோகுளோபின் பரிசோதனையும் வைக்கச் சொல்வோம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு மாதத் தேர்வை முதல் பீரியடில் வைக்காதீர்கள் என்று நிர்வாகத்திடம் சொல்வோம். பெரிய செலவு எதுவும் இல்லை.

நண்பர்களே! அடுத்த முறை பக்கத்து அறையில் ஒருவன் "எனக்கு மூளை கம்மிடா" என்று பெட்டியைத் திறந்தால், பேசாமல் இருந்துவிடாதீர்கள். "எத்தனை மணிக்குடா தூங்குனே? சாப்பிட்டியா? புத்தகத்தை மூடிட்டு எழுதிப் பார்த்தியா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு டிப்ளமோ காப்பாற்றப்படலாம்.