மூன்று படகுகள், ஒரு வீராங்கனை

2016 ஆகஸ்டில் நடந்த ரியோ ஒலிம்பிக்கில் ஹங்கேரி வீராங்கனை டனுட்டா கோசாக் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். மூன்றுமே 500 மீட்டர் கயாக் பந்தயங்கள். ஒன்றில் தனியாகவும், ஒன்றில் இருவராகவும், இன்னொன்றில் நால்வராகவும் துடுப்புப் போட்டார். இந்த மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்ற முதல் பெண் அவர். ஒரே தூரத்தை மூன்று முறை கடந்ததில் என்ன பெரிய சிறப்பு என்று கேட்கலாம். அதற்கு விடை படகில் இருக்கிறது.

கயாக் என்பது ஒடுங்கிய, நீளமான, எடை குறைந்த படகு. வீரர் முன்னோக்கி அமர்ந்து, இரு முனைகளிலும் அகன்ற தட்டு உள்ள துடுப்பால் வலமும் இடமும் மாறி மாறி வலிப்பார். ஒருவர் செலுத்துவது கே-1, இருவர் செலுத்துவது கே-2, நால்வர் செலுத்துவது கே-4. கே-1 படகு 5.2 மீட்டர் நீளத்தைத் தாண்டக் கூடாது. 12 கிலோவுக்குக் குறையவும் கூடாது. கே-4 படகுக்கு இந்த வரம்புகள் 11 மீட்டர், 30 கிலோ.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கே-4 படகில் ஒருவர் பங்குக்கு வரும் படகின் எடை ஏழரை கிலோதான். படகு நீளமாக இருப்பதால், அதே வேகத்தில் அலை எழுப்பி வீணாகும் ஆற்றலும் குறைவு. ரியோவில் கோசாக் கே-1 பந்தயத்தை ஏறத்தாழ 1 நிமிடம் 52 நொடிகளில் முடித்தார். கே-4 அணிக்கு ஏறத்தாழ 1 நிமிடம் 31 நொடிகள் போதுமாயின.

துடுப்பு வலிப்பது கை வேலை மட்டும் அன்று. வலப்பக்கத் தட்டு நீரில் இறங்கும்போது வலது கால் முன்னால் உள்ள பலகையை உதைக்கும். இடுப்பும் முதுகும் சேர்ந்து திரும்பும். நீரில் ஊன்றிய தட்டைப் பிடிமானமாகக் கொண்டு படகு முன்னேறும். தட்டு இடுப்பருகே வந்ததும் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் அது நீரை மேலே தூக்கும். படகின் வேகம் குறையும்.

இந்த அடிப்படை எல்லாப் படகுகளுக்கும் பொது. தாளம்தான் மாறுகிறது. கே-1 படகில் தாளம் முழுக்க வீரரின் கையில். எங்கே விரைவது, எங்கே மூச்சைச் சேமிப்பது, எப்போது மிச்சத்தைச் செலவிடுவது என்பதை அவரே முடிவு செய்கிறார். கே-4 படகில் முன் இருக்கையில் இருப்பவர் தாளத்தை வகுக்கிறார். சுக்கானையும் காலால் இயக்குகிறார். மற்ற மூவரும் அதே கணத்தில் தட்டை இறக்கி, அதே கணத்தில் எடுக்க வேண்டும். ஒருவர் சற்றுப் பிந்தினாலும் படகு குலுங்கும். கே-2 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

ஆகவே தனிப் படகில் வெல்பவர் குழுப் படகிலும் வெல்வார் என்று சொல்லிவிட முடியாது. ரியோவில் கோசாக்கின் இறுதிப் பந்தயங்கள் ஆகஸ்ட் 16, 18, 20 தேதிகளில் நடந்தன: முதலில் கேப்ரியெல்லா சபோவுடன் கே-2, அடுத்து கே-1, கடைசியாகக் கே-4. ஐந்து நாட்களுக்குள் அவர் மூன்று தாளங்களுக்கு உடலைப் பழக்க வேண்டியிருந்தது.

1987இல் புடாபெஸ்டில் பிறந்த கோசாக்கின் முதல் ஒலிம்பிக் பதக்கம், 2008இல் பெய்ஜிங்கில் கே-4 பந்தயத்தில் கிடைத்த வெள்ளி. 2012இல் லண்டனில் கே-1, கே-4 இரண்டிலும் தங்கம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கே-4 தங்கமும் கே-2 வெண்கலமும் பெற்றார். லண்டன், ரியோ, டோக்கியோ என மூன்று ஒலிம்பிக்குகளிலும் ஹங்கேரியின் கே-4 அணியே வென்றது. அந்த மூன்று அணிகளிலும் இடம்பெற்றவர் கோசாக் மட்டுமே.

மொத்தம் ஆறு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், எட்டுத் தங்கம் வென்ற ஜெர்மனியின் பிர்கிட் ஃபிஷர் இவருக்கு மேலே நிற்கிறார். தன் தாளத்தில் முந்தவும், பிறர் தாளத்தில் கரையவும் ஒருவருக்கே கைவந்தது என்பதுதான் கோசாக்கின் தனிச்சிறப்பு. ரியோவுக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 2024இல் பாரிஸில், நியூசிலாந்தின் லிசா காரிங்டன் அதே மூன்று தங்கங்களையும் வென்றார். அந்த வரிசையில் அவர் இரண்டாமவர்.