உளவியல் ஆய்வு முறையியலும் குருநகர் மக்களும்

உளவியலிற் பட்டப்பின்படிப்பு மேற்கொள்ளும் நம் மாணவர்க்கு ஆய்வு முறையியல் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது என்பதை எவரேனும் துணிந்து வினவுதல் வேண்டும். மாதிரியெடுப்பின் வகைகள், சராசரியும் நியமவிலகலும், கணினியில் எண்களை இட்டு அட்டவணை பெறும் விதம் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. இவை வேண்டாதவை என்று நான் கூறவில்லை. ஆயின் இவற்றிற் சிறப்புச் சித்தியெய்திய மாணவர், ஆங்கிலத்தில் ஆக்கப்பட்ட வினாக்கொத்து ஒன்றைத் தமிழாக்கிக் கையிலேந்திக் குருநகருக்குள் நுழையும்போது, கற்றவற்றுள் எது அவருக்குத் துணைசெய்கின்றது?

முன்னாளிற் கரையூர் என வழங்கிய குருநகர், திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரத்திலேயே உள்ளது. 1986 ஜூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குச் சென்ற இவ்வூர் மீனவர் 30 பேருக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1993 நவம்பர் 13 அன்று புனித யாகப்பர் ஆலயம் வான்குண்டுக்கு இலக்காயிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரும் வலிகாமமும் இடம்பெயர்ந்தபோது இவ்வூரும் பெயர்ந்தது. இத்தகைய ஊரில் உள்ளத்தின் நிலையை அறியப் புகுவோர், எதைக் கொண்டு அளக்கின்றனர் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

உலகெங்கும் பெருவழக்கிலுள்ள ஹார்வர்ட் மனவடு வினாக்கொத்தையே எடுத்துக்கொள்வோம். இது 1992 இல், அமெரிக்காவில் வாழ்ந்த இந்தோசீன அகதிகளை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டது. நித்திரை கொள்வதில் இடர்ப்பாடு உண்டா என்று அது வினவுகின்றது. இரவெல்லாம் கடலிற் கழித்துப் பகலில் கண்ணயர்பவர் "ஓம்" என்பார். அவர் வரவை எதிர்பார்த்து விழித்திருக்கும் மனைவியும் "ஓம்" என்பாள். இருவர்க்கும் நோயின் கணக்கிற் புள்ளி ஏறுகின்றது. துயர நிகழ்வை நினைவூட்டும் செயல்களைத் தவிர்க்கின்றீர்களா என்பது இன்னொரு வினா. தமையனைப் பறிகொடுத்த அதே கடலில் வயிற்றுப்பாட்டுக்காக மீண்டும் வலை வீசுபவர் "இல்லை" என்றுதான் விடையிறுப்பார். தவிர்ப்பதற்கு வறுமை இடங்கொடாமையை வினாக்கொத்து உளநலமாகக் கணக்கிட்டுக்கொள்கின்றது! வீட்டுக்கு வீடு பகலிற் சென்று விபரம் திரட்டினால், கடலிலிருப்போரும் களைத்துறங்குவோரும் மாதிரியிலிருந்தே விடுபட்டுப் போவர். எழுமாற்று எண்களின் அட்டவணை இதற்கு மருந்தாகாது.

"மொழிபெயர்ப்பை மீள ஆங்கிலமாக்கிச் சரிபார்த்தோம், குரொன்பாக்கின் அல்பா 0.7 ஐத் தாண்டியது" என்பது நம் ஆய்வேடுகளின் வழமையான மந்திரம். 1970 இல் பிரிஸ்லின் விரித்துரைத்த மீள்பெயர்ப்பு முறை, சொல்லுக்குச் சொல் நேராக உள்ளதா என்பதைக் காட்டும். அச்சொல் சுட்டும் பொருள் அவ்வூரார் வாழ்வில் உண்டா என்பதைக் காட்டாது. அல்பாவோ, வினாக்கள் தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்பதையே கூறும். பத்து வினாக்களையும் ஒரே விதமாகப் பிழைபட விளங்கிக்கொண்டாலும் அல்பா உயர்ந்தே நிற்கும். ஒரு பண்பாட்டின் நோய்வகுப்பை மற்றொரு பண்பாட்டின்மீது ஏற்றிவிட்டு, அங்கும் அது உண்டெனக் காண்பதை வகைப்பாட்டு வழு என 1977 இலேயே ஆர்தர் கிளைன்மன் எச்சரித்தார். நாம் அதைப் பரீட்சைக்கு மனனஞ் செய்கின்றோம், ஆய்விற் கைவிடுகின்றோம்.

யாழ்ப்பாணத்தவர் "யோசிக்கிறன்" என்றால் சிந்திக்கின்றார் என்பது மட்டும் பொருளன்று, கவலையில் உழல்கின்றார் என்பதும் பொருள். பெருமூச்சு, நெஞ்சு அடைப்பு, தலையிடி, கைகால் உளைவு ஆகியன துயரத்தின் மொழி. இம்மொழியை வினாக்கொத்தாக்க இயலாதா? ஹராரே நகரில் விக்ரம் பட்டேலும் அவர்தம் குழுவினரும் ஷோனா மக்களின் சொற்களிலிருந்தே ஓர் அளவுகருவியை ஆக்கி 1997 இல் வெளியிட்டனர். இலங்கையிலேயே காயத்திரி பெர்னாண்டோ, மக்கள் கூறிய கதைகளிலிருந்து உளசமூக நிலையை அளக்கும் சுட்டியொன்றை உருவாக்கி 2008 இல் வெளியிட்டார். நம் மண்ணில் தயா சோமசுந்தரம் 2007 இல் எழுதிய கட்டுரை, தனிமனிதரை மட்டும் அளப்பதால் வடக்கின் கூட்டு மனவடு புலப்படாது என்பதை வலியுறுத்தியது. வழிகாட்டிகள் இல்லை என்று எவரும் சாக்குக் கூறுதல் இயலாது.

பொது அளவுகோல் இன்றி ஒப்பீடு எவ்வாறு என்பர் சிலர். கேள்வி நியாயமானதே. 2009 இல் யாழ் மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஆய்வு அத்தகைய பொது அளவுகோல்களைக் கொண்டதே. அது மனவடு அறிகுறிகளை 7.0 வீதத்தினரிடமும், மனச்சோர்வை 22.2 வீதத்தினரிடமும், பதகளிப்பை 32.6 வீதத்தினரிடமும் கண்டது. போர் என்றவுடன் மனவடுவை மட்டும் தேடிச் செல்பவர் எத்துணைப் பேரைக் காணாது திரும்புவார் என்பதற்கு இவ்வெண்களே சான்று. பதகளிப்பு எதன்பொருட்டு என்பதையோ எண்கள் கூறமாட்டா. கடற்றடையா, காணாமற் போனவரா, 2017 இல் இழுவைமடித் தொழில் சட்டத்தால் தடுக்கப்பட்டபின் அடைபடாத படகுக் கடனா? அதனை அறியக் கரையில் அமர்ந்து கேட்கவேண்டும். பட்டேல் குழுவினரும் புள்ளிவிபரவியலைத் துறந்தாரல்லர். கேட்டபின் எண்ணினர்.

ஆகவே முறையியற் பாடத்தின் முதல் அரையாண்டில் எந்த மாணவரும் வினாக்கொத்தைத் தொடலாகாது. விடியற்புறம் மீன் ஏலம் கூறப்படும் இறங்குதுறைக்கும், மாலையில் ஆலய வளவுக்கும் செல்லட்டும். மக்கள் கூறுவதை அவர்தம் சொற்களிலேயே எழுதட்டும். பின்னர் ஆக்கும் ஒவ்வொரு வினாவையும் பத்துப் பேரிடம் வாசித்து, "இதை நீங்கள் எப்படி விளங்கிக்கொண்டீர்கள்?" என்று கேட்கட்டும். காலம் போதாதென்றால் மாதிரியின் தொகையைக் குறைக்கலாம். முந்நூறு பேரின் விளங்காத விடைகளைவிட முப்பது பேரின் விளங்கிய விடைகள் மேலானவை. சம்மதப் படிவத்திற் கையொப்பம் வாங்குவதோடு அறநெறி முடிந்துவிட்டது என்னும் எண்ணமும் ஒழியவேண்டும். ஆய்வின் முடிவைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, விடையளித்த ஊராரின் முன் வாசித்து, அவர்கள் கூறும் மறுப்பையும் பின்னிணைப்பாகச் சேர்த்தாலன்றி எந்த ஆய்வேடும் ஏற்கப்படலாகாது என்று பட்டப்பின்படிப்பு விதிகளில் எழுதப்படுதல் வேண்டும்.